புரோத்தன் யாரிடம் போய்ச் சேரும்?

மட்டக்களப்பு கல்லடியில் நான் எடுக்கும் உயர்தர இரசாயனவியல் வகுப்புக்கு வரும் ஒரு மாணவி, சேதன இரசாயனத்துக்கென்றே தனியாக ஒரு கொப்பி வைத்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு கிழித்துப் பிரித்து, இடது பக்கம் ‘நடக்கும்’, வலது பக்கம் ‘நடக்காது’ என்று தலைப்புப் போட்டிருந்தாள். பென்சோயிக் அமிலமும் சோடியம் இருகாபனேற்றும் இடது பக்கம். பீனோலும் சோடியம் இருகாபனேற்றும் வலது பக்கம். பீனோலும் சோடியம் ஐதரொட்சைட்டும் மறுபடி இடது பக்கம். எதைனும் (அசற்றிலீன்) சோடியம் ஐதரொட்சைட்டும் வலது. எதைனும் சோடாமைட்டும் (சோடியம் அமைட்டு) இடது. அழகான கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு. பட்டியல் நாற்பதைத் தாண்டிப் போயிருந்தது. “இன்னும் எத்தனை இருக்கிறது சேர்? எல்லாவற்றையும் பாடமாக்கிவிட்டால் போதும்தானே?” என்று கேட்டாள்.

பாடமாக்குவதில் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. அதுதான் என் கவலையும். அந்தக் கொப்பியில் இருந்த அத்தனை வரிகளும் ஒரே கணக்கின் விடைகள். கழித்தல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு அது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு எண்கள் கையில் இருந்தால் போதும். அந்த எண்களுக்குப் பெயர் பிகேஏ.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். 1923 இல் டென்மார்க்கில் புரோன்ஸ்ரெட்டும் இங்கிலாந்தில் லோரியும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, ஒரே வரைவிலக்கணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். புரோத்தனை, அதாவது ஐதரசன் அயனை, கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது மூலம். (தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘காரம்’ என்று சொல்வதைத்தான் இலங்கையில் ‘மூலம்’ என்கிறோம்; நமக்குக் காரம் என்றால் நீரில் கரையும் மூலம் மட்டும். இரண்டு நாட்டு நூல்களையும் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.) புரோத்தனைக் கொடுத்த பிறகு அமிலத்தில் எஞ்சுவது அதன் இணைமூலம். புரோத்தனை வாங்கிய பிறகு மூலம் எதுவாக மாறுகிறதோ அது அதன் இணையமிலம். அசற்றிக் அமிலம் புரோத்தனைக் கொடுத்தால் எஞ்சுவது அசற்றேற்று அயன். அமோனியா புரோத்தனை வாங்கினால் வருவது அமோனியம் அயன்.

ஆகவே ஓர் அமில–மூலத் தாக்கத்தை எழுதினால், அம்புக்குறியின் இரண்டு பக்கத்திலும் அமிலம் இருக்கும். இடது பக்கம் புரோத்தனை வைத்திருந்தது ஓர் அமிலம். வலது பக்கம் அதை வாங்கி வைத்திருப்பது இன்னோர் அமிலம். தொடக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இடது பக்கத்தில் எது அமிலம், எது மூலம் என்று பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். வலது பக்கத்து அமிலத்தையும் கண்டுபிடித்தால்தான் கணக்கு தொடங்கும்.

இனி எண்ணுக்கு வருவோம். ஓர் அமிலத்தை நீரில் போட்டால் அதில் ஒரு பங்கு புரோத்தனை விட்டுக்கொடுக்கும், மீதி அப்படியே இருக்கும். வினாகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் வினாகிரியில் ஏறத்தாழ 5 சதவீதம் அசற்றிக் அமிலம் இருக்கிறது. நாக்கில் பட்டால் கண்ணை மூட வைக்கும் அந்தப் புளிப்பில்கூட, ஆயிரம் அசற்றிக் அமில மூலக்கூறுகளில் நான்கைந்துதான் புரோத்தனை விட்டிருக்கின்றன. மற்றவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு விடுகிறது, எவ்வளவு பிடித்துவைக்கிறது என்பதை அளப்பது அமிலக் கூட்டப்பிரிகை மாறிலி. அசற்றிக் அமிலத்துக்கு அது 0.0000174. இப்படிப் பூச்சியங்களை எண்ணிக்கொண்டிருப்பது கண்ணுக்கும் கேடு, கைக்கும் கேடு. எனவே அதன் மடக்கையை எடுத்து, எதிர்க் குறியைத் திருப்பி, 4.76 என்று எழுதுகிறோம். அதுதான் பிகேஏ. 1909 இல் கோப்பன்ஹேகனில், கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் சோரன்சன் பிஎச் அளவுகோலுக்குச் செய்த அதே வேலை.

குறியைத் திருப்பியதால் ஒரு தொல்லை: எண் சிறிதானால் அமிலம் வலியது. எண் பெரிதானால் அமிலம் மெலியது. மடக்கை என்பதால் ஓர் அலகு வித்தியாசம் பத்து மடங்கு. இரண்டு அலகு நூறு மடங்கு. 4.76 க்கும் 10 க்கும் இடையே இருப்பது ‘இரட்டிப்பு’ அல்ல, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மடங்கு. இந்தச் சிறிய எண்களைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

நான் வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, பருவம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருக்கும் எண்கள் இவை. அமிலத்தின் பெயர், பக்கத்தில் பிகேஏ:

ஐதரோகுளோரிக் அமிலம்: சுமார் –7
சித்திரிக் அமிலம் (முதல் புரோத்தன்): 3.1
பென்சோயிக் அமிலம்: 4.2
அனிலீனியம் அயன்: 4.6
அசற்றிக் அமிலம்: 4.76
காபோனிக் அமிலம்: 6.35
அமோனியம் அயன்: 9.25
பீனோல்: 10
மெதைல் அமோனியம் அயன்: 10.6
நீர்: 15.7
எதனோல்: 16
எதைன்: 25
அமோனியா: 38
மெதேன்: சுமார் 50

0 க்குக் கீழேயும் 14 க்கு மேலேயும் உள்ள எண்களை நீரில் நேரடியாக அளக்க முடியாது. வேறு கரைப்பான்களில் அளந்து, கணித்து, ஒப்பிட்டுப் பெற்றவை அவை. அதனால் ஒரு நூலில் அமோனியாவுக்கு 35 என்றும் இன்னொன்றில் 38 என்றும் பார்த்தால் பதற வேண்டாம். நாம் போடப்போகும் கணக்கில் அந்த மூன்று அலகு எதையும் மாற்றாது. நீருக்கும் சில நூல்கள் 14 என்று போடும். சேதன இரசாயனத்தில் புழக்கத்தில் இருப்பது 15.7.

கணக்கு இதுதான். இடது பக்கத்து அமிலத்தின் பிகேஏயை, வலது பக்கத்து அமிலத்தின் பிகேஏயிலிருந்து கழியுங்கள். விடை நேரென்றால் தாக்கம் வலது பக்கம் சாயும். எதிரென்றால் இடது பக்கமே தங்கும். எவ்வளவு சாயும் என்று வேண்டுமா? 10 ஐ அந்த விடையின் அடுக்குக்கு உயர்த்துங்கள். வருவதுதான் சமநிலை மாறிலி. இது எங்கிருந்து வருகிறது என்பதும் மறைபொருள் அல்ல. ஓர் அமிலம் புரோத்தனை விடுவதற்கான மாறிலியை, மற்ற அமிலம் விடுவதற்கான மாறிலியால் வகுத்தால், இரண்டிலும் உள்ள புரோத்தனின் செறிவு வெட்டுப்பட்டுப் போகும். எஞ்சுவது முழுத் தாக்கத்தின் மாறிலி. வகுத்தல், மடக்கையில் கழித்தலாகிவிடுகிறது. தசமத்துக்கு மனக்கணக்கு வேண்டுமானால், 0.3 என்றால் 2 மடங்கு, 0.7 என்றால் 5 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை மண்டபத்தில் அது போதும்.

இதை முதலில் மீனில் போட்டுப் பார்ப்போம். மட்டக்களப்பில் வேறு எதில் போடுவது?

கடல் மீனின் தசையில் திரைமெதைல் அமைன் ஒட்சைட்டு என்ற ஒரு பொருள் இருக்கிறது. உப்பு நீரின் அழுத்தத்தைச் சமாளிக்க உடம்பு வைத்திருப்பது. மீன் பிடிபட்டுச் சற்று நேரம் கிடந்தால், பக்றீரியாக்கள் அதிலிருந்து ஒட்சிசனைக் கழற்றிவிட்டு, திரைமெதைல் அமைனை மிச்சம் வைக்கின்றன. மீன் நாற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதுதான். வாவியில் நீர் உப்புக் குறைந்த இடத்து மீனைவிடக் கடல் மீன் அதிகம் நாறுவதற்கும், சுறா எல்லாவற்றையும் மிஞ்சுவதற்கும் இந்தப் பொருளின் அளவு ஒரு காரணம்.

அமைன் ஒரு மூலம். அதன் நைதரசனில் பங்கிடப்படாத ஓர் இலத்திரன் சோடி இருக்கிறது. புரோத்தன் வந்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட பிறகு வரும் திரைமெதைல் அமோனியம் அயனின் பிகேஏ 9.8. இப்போது தேசிக்காயைப் பிழிகிறோம். தேசிக்காய்ப் புளியில் இருப்பது சித்திரிக் அமிலம், 3.1. இடது பக்கத்து அமிலம் 3.1, வலது பக்கத்து அமிலம் 9.8. கழித்தால் 6.7. சமநிலை மாறிலி ஏறத்தாழ ஐம்பது லட்சம். அமைன் அனைத்தும் அயனாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். மின்னேற்றம் உள்ள அயன் ஆவியாகாது. ஆவியாகாதது மூக்குக்கு வராது. மீன் பலகையில் தேசிக்காய்த் தோலைத் தேய்ப்பதன் பின்னால் இவ்வளவுதான் இருக்கிறது.

இப்போது அந்தக் கொப்பிக்குத் திரும்புவோம். பென்சோயிக் அமிலமும் இருகாபனேற்றும்: வலது பக்கம் வரும் அமிலம் காபோனிக் அமிலம். 6.35 இலிருந்து 4.2 ஐக் கழித்தால் 2.15, நூற்றைம்பது அளவிலான மாறிலி. நடக்கும். அதோடு காபோனிக் அமிலம் காபனீரொட்சைட்டாகிக் குமிழ்விட்டு வெளியேறிக்கொண்டே இருப்பதால் தாக்கம் மேலும் மேலும் வலது பக்கம் இழுபடும். அப்பச்சோடாவில் வினாகிரி ஊற்றிப் பொங்கவைத்து விளையாடாத பிள்ளை இருக்காது. அதுவும் இதே கணக்கு, 1.6, நாற்பது மடங்கு. பீனோலும் இருகாபனேற்றும் என்றால் 6.35 கழித்தல் 10, எதிர் 3.65. நாலாயிரத்தைந்நூறில் ஒரு பங்கு. குமிழ் வராது. ‘காபொட்சிலிக் அமிலத்தையும் பீனோலையும் இருகாபனேற்றால் வேறுபடுத்தி அறியலாம்’ என்று பாடநூல் சொல்வதற்குக் காரணம், காபோனிக் அமிலத்தின் 6.35 என்ற எண் 4 க்கும் 10 க்கும் நடுவில் வந்து நிற்பதுதான். வேறு மர்மம் இல்லை.

பீனோலும் ஐதரொட்சைட்டும் என்றால் வலது பக்கத்து அமிலம் நீர். 15.7 கழித்தல் 10, 5.7. ஐந்து லட்சம். நன்றாக நடக்கும். எதைனும் ஐதரொட்சைட்டும்: 15.7 கழித்தல் 25, எதிர் 9.3. இருநூறு கோடியில் ஒரு பங்கு. நடக்காது என்று எழுதிவிடலாம். எதைனும் சோடாமைட்டும்: வலது பக்கத்து அமிலம் அமோனியா, 38. வித்தியாசம் 13. பத்து லட்சம் கோடி. இந்த எண்ணை நான் சொன்னதும் வகுப்பில் பின்வரிசையில் ஒருவன், “அமைச்சின் வரவுசெலவுத் திட்டம் மாதிரி இருக்கிறது சேர்” என்றான். இருக்கட்டும், நினைவில் நிற்கும்.

ஆனால் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது, கவனித்தீர்களா தெரியாது. அமோனியம் அயனுக்கு 9.25, அமோனியாவுக்கு 38. இரண்டும் அமோனியா சம்பந்தப்பட்ட எண்கள். எது எப்போது? அசற்றிக் அமிலத்தோடு அமோனியாவைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்று கேட்டால், ஒவ்வோர் ஆண்டும் பாதி வகுப்பு 38 ஐத் தேடிப் போகிறது. அந்தத் தாக்கத்தில் அமோனியா புரோத்தனைக் கொடுக்கவில்லை, வாங்குகிறது. எனவே பார்க்க வேண்டியது வாங்கியபின் வரும் அமோனியம் அயனின் 9.25. அமோனியா தானே ஒரு புரோத்தனை இழந்து அமைட்டு அயனாகும்போதுதான், அல்லது அமைட்டு அயன் புரோத்தனை வாங்கி அமோனியாவாகும்போதுதான், 38 உள்ளே வரும். பிகேஏ எப்போதும் புரோத்தனைக் கையில் வைத்திருப்பவரின் எண். மூலத்துக்கு என்று தனி பிகேஏ கிடையாது; அதன் இணையமிலத்தைத்தான் கேட்க வேண்டும். ‘அமைனின் பிகேஏ 10.6’ என்று நூல்களில் சுருக்கமாகப் போட்டிருந்தால், அது மெதைல் அமோனியம் அயனின் எண் என்று நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோம்பேறித்தனமான சுருக்கம் எத்தனை பிள்ளைகளின் புள்ளியைத் தின்றிருக்கும் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அனிலீனிலும் இதே பொறி, ஆனால் இன்னும் சுவையானது. மெதைல் அமைனோடு அசற்றிக் அமிலத்தைச் சேர்த்தால் 10.6 கழித்தல் 4.76, ஏழு லட்சம் அளவு, உப்பு உருவாகும். அனிலீனோடு சேர்த்தால் 4.6 கழித்தல் 4.76, எதிர் 0.16. மாறிலி 0.7. நடக்கிறது என்றும் சொல்ல முடியாது, நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்திலும் கணிசமாக இருக்கும். அந்த மாணவியின் கொப்பியில் இதற்கு எந்தப் பக்கமும் இல்லை. அவளிடம் காட்டியபோது, நடுக் கோட்டின் மேலேயே எழுதிவைத்தாள்.

பட்டியலே இல்லாமல் ஒரு புதிய சேர்வையைத் தந்தால் என்ன செய்வது? அமிலத்தைப் பார்க்காதீர்கள், புரோத்தன் போனபின் எஞ்சும் இணைமூலத்தைப் பாருங்கள். அது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அமிலம் வலியது. அந்த எதிர் ஏற்றம் எந்த அணுவில் உட்கார்ந்திருக்கிறது என்பது முதல் கேள்வி. மெதேன், அமோனியா, நீர், ஐதரசன் புளோரைட்டு என்று ஆவர்த்தன அட்டவணையின் ஒரே வரிசையில் வலப்புறம் போகப் போக 50, 38, 15.7, 3.2 என்று இறங்குகிறது. மின்னெதிர்த்தன்மை கூடிய அணு ஏற்றத்தை நன்றாகத் தாங்குகிறது. ஒரே கூட்டத்தில் கீழே இறங்கினால் பருமன்தான் பேசும். பெரிய அணுவில் ஏற்றம் பரந்து கிடக்கும். அதனால்தான் ஐதரோகுளோரிக் அமிலம் ஐதரசன் புளோரைட்டைவிட எவ்வளவோ வலியது.

அணு ஒன்றேயானால் பரிவை, அதாவது ஏற்றம் பல அணுக்களுக்குப் பரவுவதை, பாருங்கள். எதனோலிலும் அசற்றிக் அமிலத்திலும் புரோத்தன் ஒட்சிசனில்தான் இருக்கிறது. ஒன்று 16, மற்றது 4.76. பதினொரு அலகுக்கு மேல், அதாவது பத்தாயிரம் கோடிக்கும் அதிகமான மடங்கு. எதொட்சைட்டில் எதிர் ஏற்றம் ஒரே ஒட்சிசனின் தலையில் முழுப் பாரமாக இருக்கிறது. அசற்றேற்றில் அதை இரண்டு ஒட்சிசன்கள் சரிபாதியாகத் தோளில் போட்டுக்கொள்கின்றன. வாவிக் கரையில் தோணியை இழுக்கும்போது ஒருவன் இழுப்பதற்கும் இருவர் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம். பீனோலில் ஏற்றம் வளையத்துக்குள் பரவுகிறது. ஆனால் அங்கே தாங்க வேண்டியவை காபன் அணுக்கள், ஒட்சிசன் அளவுக்கு அவற்றுக்கு ஆர்வம் இல்லை. ஆகவே 10 இல் நிற்கிறது. அந்த வளையத்தில் மூன்று நைத்திரோக் கூட்டங்களை ஏற்றிவிட்டால், பரவ ஒட்சிசன்கள் நிறையக் கிடைத்துவிடும், பிகேஏ 0.4 அளவுக்கு இறங்கும். அதற்குப் பிக்ரிக் அமிலம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது பீனோல்தான், ஆனால் இருகாபனேற்றில் குமிழ் விடும். ‘பீனோல் இருகாபனேற்றோடு தாக்கம் புரியாது’ என்று பாடமாக்கியவன் இங்கே அகப்படுவான். எண்ணைப் பார்த்தவன் தப்புவான்.

அருகில் குளோரின் இருந்தால் இலத்திரனைத் தன் பக்கம் இழுத்து ஏற்றத்தின் பாரத்தைக் குறைக்கும். அதனால் குளோரோ அசற்றிக் அமிலம் 2.86. இது தூண்டல் விளைவு; தூரம் கூடினால் விரைவில் மங்கிவிடும். எதைன் ஏன் மற்ற ஐதரோகாபன்களைவிட அமிலமானது என்றால், அதன் காபனில் உள்ள கலப்பு ஒபிற்றலில் (இலத்திரன் உலவும் இடத்தில்), கருவை நெருங்கிய எஸ் வகையின் பங்கு பாதி. கருவுக்கு அருகே இருப்பதால் இலத்திரன் சோடி அங்கே அடங்கி இருக்கிறது. மெதேன் 50, எதீன் 44, எதைன் 25.

ஒரே மூலக்கூறில் இரண்டு அமில இடங்கள் இருந்தால் எண் சிறியது முதலில் போகும். சலிசிலிக் அமிலத்தில் காபொட்சிலிக் கூட்டம் 3 அளவில்; பக்கத்து பீனோல் கூட்டம் 13 ஐத் தாண்டியது. இருகாபனேற்று முதலாவதை எடுத்துக்கொண்டு போய்விடும், இரண்டாவதைத் தொடாது.

வலிமைமிக்க மூலங்களைக் கையாளும்போது இந்த எண்கள் மிரட்டும். நான் படித்த காலத்தில் ஒரு மார்கழி மாதம் கிறினாட் சோதனைப்பொருள் (காபனோடு மகனீசியம் இணைந்த சேர்வை) தயாரித்தேன். வாடைக்காற்று, நாள் முழுக்க மழை, ஆய்வுகூட யன்னல் சட்டத்தில் ஈரம் வழிகிறது. குடுவையைச் சூட்டடுப்பில் உலர்த்தி எடுத்துவிட்டு, மூடாமல் மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து மகனீசியத்தையும் புரோமோபென்சீனையும் உலர் ஈதரையும் போட்டுக் காத்திருந்தேன். நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மெல்லத் தொடங்கியது. கடைசியில் கிடைத்தது எதிர்பார்த்த அற்ககோல் அல்ல, பெரும்பாலும் பென்சீன்.

கணக்குப் போட்டால் வெட்கமாக இருந்தது. அந்தச் சோதனைப்பொருளில் உள்ள காபன், பென்சீனின் இணைமூலம் போலவே நடந்துகொள்ளும். பென்சீனின் பிகேஏ 43. நீர் 15.7. வித்தியாசம் 27 அலகு. இந்த அளவு வித்தியாசத்தில் ‘சமநிலை’ என்ற சொல்லே பொருளற்றது. நீர் மூலக்கூறு கண்ணில் பட்டால் போதும், புரோத்தனைப் பிடுங்கிவிடும். ஒரு மில்லிலீற்றர் நீரில் 0.055 மூல் அளவு நீர் இருக்கிறது. அது 8.7 கிராம் புரோமோபென்சீனிலிருந்து வரும் சோதனைப்பொருள் முழுவதையும் அழிக்கப் போதும். குடுவையின் சுவரில் படிந்த ஈரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே பாருங்கள். என் ஆசிரியர் ஏசவில்லை. கரும்பலகையில் 43 என்றும் 15.7 என்றும் எழுதி, நடுவில் ஒரு கழித்தல் குறியைப் போட்டுவிட்டுப் போனார்.

சோடாமைட்டை நீரில் போடுவதும் இதே கதை. நீரிலிருந்து புரோத்தனைப் பறித்து அமோனியாவாகிவிடும். உங்கள் கையில் மிஞ்சுவது சாதாரண ஐதரொட்சைட்டு. நீருக்குள் ஐதரொட்சைட்டைவிட வலிய மூலம் எதையும் வைத்திருக்க முடியாது. எதைனிலிருந்து புரோத்தனை எடுக்க வேண்டுமென்றால் கரைப்பானையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரவ அமோனியா அதற்குத்தான்.

பிகேஏ சொல்லாத விடயம் ஒன்று இருக்கிறது, அது வேகம். மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பி, கரையோர வயல்கள் மூழ்கத் தொடங்கினால் முகத்துவாரத்தில் மணல் திடலை வெட்டிவிடுவார்கள். வாவி மட்டம் கடல் மட்டத்தைவிட உயர்ந்திருப்பதால் தண்ணீர் கடலுக்குத்தான் போகும்; அதில் சந்தேகமில்லை. ஆனால் திடலை வெட்டும்வரை அது நின்றுகொண்டுதான் இருக்கும். பிகேஏ சொல்வது மட்டங்களை; திடலை அல்ல. ஒட்சிசனிலும் நைதரசனிலும் உள்ள புரோத்தன்களுக்குத் திடல் அநேகமாக இல்லை, கண் இமைப்பதற்குள் மாறிவிடும். காபனில் உள்ள புரோத்தன்கள் அப்படியல்ல. சில வேளை மெதுவாகத்தான் நகரும்.

‘எதிர்’ என்று வந்த விடையையும் எப்போதும் குப்பையில் போட வேண்டாம். அசற்றோனின் பிகேஏ 19.3. ஐதரொட்சைட்டு அதிலிருந்து புரோத்தனை எடுப்பதற்கு விடை எதிர் 3.6, நாலாயிரத்தில் ஒரு பங்குதான் இணைமூலமாக இருக்கும். ஆனால் அந்தச் சிறு பங்கு இன்னொரு காபனைல் சேர்வையோடு உடனே தாக்கம் புரிந்து தீர்ந்துபோனால், சமநிலை மறுபடி ஒரு சிறு பங்கை உண்டாக்கும், அதுவும் தீரும். அல்டோல் ஒடுக்கம் இப்படித்தான் ஓடுகிறது. எதிர் 3 அல்லது 4 என்றால் பின்னால் என்ன காத்திருக்கிறது என்று பாருங்கள். எதிர் 20 என்றால் விட்டுவிடுங்கள்.

மீன் பலகை இன்னும் கழுவாமல் கிடக்கிறது. அம்மா மீன் வெட்டி முடித்ததும் கையைச் சவர்க்காரத்தால் மட்டும் கழுவினால் நாற்றம் போகாது என்பார்; முதலில் தேசிக்காய்த் தோல், பிறகு நிறையத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் சவர்க்காரம். சின்ன வயதில் இதை ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். சவர்க்காரக் கரைசலின் பிஎச் 9 க்கும் 10 க்கும் இடையில். திரைமெதைல் அமோனியத்தின் பிகேஏ 9.8. ஒரு கரைசலின் பிஎச் அமிலத்தின் பிகேஏக்குச் சமமானால், அந்த அமிலத்தில் பாதி புரோத்தனோடும் பாதி புரோத்தன் இல்லாமலும் இருக்கும். ஆகவே சவர்க்காரம் மட்டும் போட்டால் அமைனில் கணிசமான பங்கு ஏற்றம் இல்லாமல், ஆவியாகி மூக்குக்கு வரத் தயாராகக் கையிலேயே இருக்கிறது. தேசிக்காய்ப் புளி முழுவதையும் அயனாக்கிவிடுகிறது. தண்ணீர் அந்த அயனைக் கழுவிக்கொண்டு போகிறது. இடையில் தண்ணீர் ஊற்றாமல் புளியின் மேலேயே சவர்க்காரத்தைப் போட்டால், ஐதரொட்சைட்டு அயன்கள் அந்தப் புரோத்தனை மறுபடி பறித்துக்கொள்ளும்: வலது பக்கத்து அமிலம் நீர், 15.7, இடது பக்கத்து அமிலம் 9.8. அந்த மாணவியிடம் இதைச் சொன்னபோது, கொப்பியை எடுத்து ஒரு கணம் யோசித்துவிட்டு, “இது இடது பக்கம் சேர்” என்றாள், எழுதவில்லை.